இடது கம்பத்தின் ஓரம்

மே 3, சனி

காலையில் தண்ணீர் வந்தது. போன வாரம் வந்திருக்க வேண்டியது. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிறைந்து, கடைசியில் குக்கரிலும் பிடித்து வைத்தேன். மிச்சத்தில் அவருடைய கால் பேடுகளைத் துடைத்து மாடியில் காயப்போட்டேன். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகிறது. இந்த ஊர் பழகிவிட்டது, வெயில் பழகிவிட்டது. அந்தப் பேடுகளின் நாற்றம் மட்டும் இன்னும் பழகவில்லை.

இன்று ஹாக்கி டோர்னமெண்ட் தொடங்கியது. அவருடைய விடிவெள்ளி கிளப் ஜெயித்துவிட்டதாம். கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள்: "ஒம் மாப்பிள்ளை இன்னைக்குச் சுவரு மாதிரி நின்னாராம்ல, பொன்செல்வி!" பெண் பார்க்க வந்த அன்று, "சந்தனராஜ்னு கோவில்பட்டியில கேட்டுப் பாருங்க, ஹாக்கி கோல்கீப்பர்னா சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்று தரகர் சொன்னார். ஊருக்கே தெரிந்தவரை நான் ஒரு நாளும் மைதானத்தில் பார்த்ததில்லை.

கேட்டுப் பார்த்தேன். "நீ வராத. நீ அங்க உக்காந்திருந்தா எங் கவனம் பூரா ஒம்பக்கம் வந்துரும்" என்றார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

மே 5, திங்கள்

போனேன். அவரிடம் சொல்லவில்லை.

கிழக்குக் காலரியில் மேல் வரிசை. முக்காடு மாதிரி துப்பட்டாவைப் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ரோஸ்மேரி டீச்சர் என்று ஒருவர். ரிட்டயர்டு விளையாட்டு ஆசிரியை, அந்தக் காலத்தில் மாநில அணியில் ஆடியவராம். முன்வரிசையில் இரண்டு பேர். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் திரவியம் அண்ணாச்சி ஒருவர். பிரஸ்ஸில் வேலை பார்க்கும் உலகநாதன் இன்னொருவர். மூன்று பேரும் பல வருடமாக அதே இடத்தில்தான் உட்காருகிறார்களாம்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எதிரணிக்குப் பெனால்டி கார்னர். கோலுக்கு முன்னால் அவர் குனிந்து நின்றார். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. பந்து வந்ததையே நான் பார்க்கவில்லை. அவர் வலது பக்கம் சரிந்து கிடந்தார், பந்து வெளியே கிடந்தது. காலரியே எழுந்து நின்றது. நானும் நின்றேன் போலிருக்கிறது, டீச்சர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இரண்டாம் பாதியில் ஒரு சாதாரணப் பந்து. இடது கம்பத்தின் ஓரமாக உருண்டு உள்ளே போனது. அவர் அசையவே இல்லை.

"இதான்! இதைத்தான் நான் சொல்றேன்!" உலகநாதன் தொடையில் அடித்துக்கொண்டார். "பீரங்கிக் குண்டைப் புடிப்பான், எலுமிச்சம்பழத்தை விட்ருவான். இவன நம்பி எப்படிய்யா மேட்ச் பாக்கது?"

"ஓய், மொத பந்தை எவன் புடிச்சான்? ஒம்ம தாத்தாவா?" என்றார் அண்ணாச்சி.

"அதான் அண்ணாச்சி எனக்கு எரியுது. புடிக்கத் தெரியாதவன் விட்டா போகட்டும்னு இருக்கலாம். தெரிஞ்சவன் ஏன் விடுதான்?"

திடீரென்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டார்.

"சாத்தூர். சும்மா பார்க்க வந்தேன்."

இரண்டும் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி ஆச்சு?" என்று தெரியாதது போலக் கேட்டேன். "ஒன்னு வாங்கிட்டேன். பேட்ல பட்டுத் தெறிச்சு உள்ள போயிருச்சு" என்றார்.

பேடில் படவில்லை.

மே 6, செவ்வாய்

விடியும்போதே பையையும் ஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டு பிராக்டிசுக்குப் போனார். மதியம் தாண்டித்தான் வந்தார். இடது தோளில் கன்றிப் போயிருக்கிறது. நிலைக்கதவில் இடித்துக்கொண்டாராம். இந்த வீட்டில் வாசல் குறுகல்தான்.

மே 8, வியாழன்

மூன்று மூன்று என்று டிரா ஆனது. வாங்கிய மூன்றில் இரண்டு, அதே இடது ஓரம்.

முதல் கோலுக்கு உலகநாதன் திட்டினார். இரண்டாவதற்குத் திட்டவில்லை. குரலை இறக்கி, "வாங்கிட்டான்" என்றார்.

"என்னத்தை?" என்றார் அண்ணாச்சி.

"என்னத்தை வாங்குவாங்க? போன வருசம் ஃபைனல்லயும் இதே கதைதான. நல்லா ஆடுற மாதிரி ஆடிட்டு, வேண்டிய நேரத்துல நகந்துக்கிடுதான். கண்ணு முன்னால பந்து போகுது, மரம் மாதிரி நிக்கான். காசு வாங்காமயா?"

"நாக்கு அழுகிரும்வே. நம்ம ஊருப் பயலை இப்படிப் பேசாதீரு."

"நம்ம ஊருப் பயங்கதாலதான் பேசுதேன். வெளியூர்க்காரன்னா எனக்கென்ன?"

ரோஸ்மேரி டீச்சர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் கோல்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி சொத்தை. நான் பார்த்து வாங்குகிறவள்தான்.

மே 9, வெள்ளி

இம்மானுவேல் வந்தான். அணியின் இரண்டாவது கோல்கீப்பர், இவரைவிட ஐந்து வயது இளையவன். இவருடைய கையுறையைத் திருப்பித் தர வந்திருந்தான். இவர் அப்போது வேலை முடிந்து வந்திருக்கவில்லை.

"அண்ணனுக்கு உடம்பு சரியாயிருச்சா மதினி? செவ்வாக்கெழமை பிராக்டிசுக்கு வரலியே, காய்ச்சலான்னு கேக்கலாம்னு வந்தேன்."

"ஆமா, காய்ச்சல்தான். இப்ப பரவாயில்ல" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பையும் ஸ்டிக்கும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

மே 10, சனி

கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அதற்கப்புறம் அது கூடவே இருக்கும்.

மத்தியானம் சாப்பிடும்போது ரசம் தம்ளரை அவருடைய இடது பக்கம் வைத்தேன். கையை வீசிக் கொட்டிவிட்டார். "அங்க எதுக்கு வச்ச? சொல்லிட்டு வைக்க மாட்டியா?" என்று கத்தினார். இந்த மூன்று மாதத்தில் என்னிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. ஒரு தம்ளர் ரசத்துக்கு ஒரு மனிதருக்கு இவ்வளவு கோபம் வருமா? மனதில் வேறு ஏதோ உறுத்தினால்தான் இப்படி வரும் என்று நினைத்துக்கொண்டே தரையைத் துடைத்தேன்.

பிறகு அவர் வந்து துணியை வாங்கித் தானே துடைத்தார். அதுவும் எனக்கு உறுத்தலாகவே பட்டது.

மே 11, ஞாயிறு

காலிறுதி. வெயில் தாழ்வதற்கு முன் நடந்த ஆட்டம். ஒரு கோலும் விடவில்லை. ஒருமுறை தரையில் விழுந்த நிலையிலேயே காலைத் தூக்கித் தடுத்தார். உலகநாதன் துண்டைச் சுழற்றிக்கொண்டு, "தெய்வம்யா! தெய்வம்!" என்று கத்தினார்.

"வியாழக்கெழம வாங்கிட்டான்னீரு?" என்றார் அண்ணாச்சி.

"இன்னைக்கு எவனும் குடுக்கல போல."

அப்போதுதான் டீச்சர் பைனாகுலரை மடியில் வைத்தார். "பகல்ல நல்லாத்தான் ஆடுதான். லைட்டு வெளிச்சத்துலதான் கெடுது" என்றார். யாரிடம் என்றில்லை. "அவன் தலையைப் பாருங்க. முன்னெல்லாம் நேரா நிப்பான். இப்ப கோழி பாக்குற மாதிரி சாய்ச்சுப் பாக்கான்."

"அது ஸ்டைலு டீச்சர்!" உலகநாதன் சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் அவர் மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். சத்தமில்லாமல் இடது பக்கமாகப் போனேன். கையை நீட்டினேன். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் விரல்களை ஆட்டினேன். அவர் தூரத்தில் போகும் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையல் சத்தம் கேட்டுத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"துணி எடுக்க வந்தேன்" என்றேன். கொடியில் துணி இல்லை.

மே 13, செவ்வாய்

விடிகாலையில் பையை எடுத்தார். நான் வாசலில் நின்றுகொண்டேன்.

"எங்க போறீங்க?"

"பிராக்டிசுக்கு."

"போன செவ்வாயும் அங்க போகல. இம்மானுவேல் கேட்டான். காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன்."

பையைக் கீழே வைத்தார். பிறகு தட்டுத் தடுமாறிச் சொன்னார். போன வருடம் மார்ச்சில் ஒருநாள் ஜூனியர்களோடு சும்மா பயிற்சி. வெக்கைக்கு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருக்கிறார். யாரோ அடித்த பந்து இடது கண்ணில். வீக்கம் வடிந்தது, பார்வை திரும்பவில்லை. மதுரையில் ஒரு டாக்டரிடம் போய்வருகிறார். யாருக்கும் தெரியாது.

"ஒன்னுமே தெரியலியா?"

"புகை மாதிரி. யாரோ நிக்காங்கன்னு தெரியும். யாருன்னு தெரியாது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆடக் கூடாதுங்காரு. வலது கண்ணுலயும் உள்ள ஒரு எடம் நைஞ்சிருக்காம். ஹெல்மெட் போட்டிருந்தாலும் தலை பலமா அதிர்ந்தா கிழிஞ்சிருமாம்."

பையை எடுத்து உள்ளே வைத்தேன்.

"இந்த ஃபைனல் வரைக்கும்தான் செல்வி. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்க வாராங்க. ஆர்டர் கையில கெடச்சதும் விட்ருவேன்."

"வேலைக்கு எடுக்கும்போது கண்ணு பாக்க மாட்டாங்களா?"

அதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். வேலைக்காக ஆடவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நிறுத்த முடியாததால் ஆடுகிறார்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். நான் மாவு ஆட்டினேன்.

மே 14, புதன்

தண்ணீர் வந்தது. பிடித்தேன். பேசவில்லை.

மே 15, வியாழன்

அரையிறுதி. விளக்கு வெளிச்சத்தில். நான்குக்கு மூன்று என்று ஜெயித்தோம். ஆனால் அந்த மூன்றாவது கோல் போனபோது ஜெயிப்பதை யாரும் கவனிக்கவில்லை. மேற்குக் காலரியில் யாரோ, "எவ்வளவு?" என்று கத்தினார்கள். இன்னொரு பக்கமிருந்து, "எவ்வளவு?" பிறகு கைதட்டலோடு எல்லாப் பக்கமும். "எவ்வளவு? எவ்வளவு?" அவர் கோலுக்கு முன்னால் தனியாக நின்று ஸ்டிக்கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

உலகநாதன் எழுந்து நின்று கத்தினார். "சொல்லுல! எவ்வளவுல வாங்கின?"

"அவரு வாங்கல" என்றேன்.

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் அவரு பொண்டாட்டி."

அண்ணாச்சியின் வாய் திறந்தபடி நின்றது. "சாத்தூரு..." என்று என்னவோ முணுமுணுத்தார். உலகநாதனுக்கு முகம் செத்துப்போனது, ஆனால் உட்காரவில்லை. "சரிம்மா. நீயே சொல்லு. வாங்கலன்னா ஏன் விடுதான்? பத்து வருசமா நான் அவன் ஆட்டத்தைப் பாக்கேன். எனக்கும் தெரியணும்ல?"

அவர் குரல் உடைந்திருந்தது. அந்த மனிதருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருடன் என்ற பேர் போய்விடும்.

"தெரியல" என்றேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது டீச்சர் கூட நடந்து வந்தார். கேட் அருகில் நின்று மெதுவாகக் கேட்டார்: "எந்தக் கண்ணு?"

"இடது."

தலையாட்டினார். "நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா சனிக்கெழம நம்மளோட ஆடுற டீமு இன்னைக்கு முழுக்க வீடியோ எடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரியும். அவங்ககிட்ட பெனால்டி கார்னர்ல பந்தை இழுத்து வீசி டிராக் ஃபிளிக் அடிக்கிற பஞ்சாப் பையன் ஒருத்தன் இருக்கான். தலை உசரத்துக்கு அடிப்பான்."

மே 16, வெள்ளி

"நீ தெனமும் மேட்சுக்கு வந்தியா?" என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஆமா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "போன வாரம் திங்கக்கெழம அந்த மொத பெனால்டி கார்னர்... பாத்தியா?" என்றார். முகம் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. பார்த்தேன் என்றேன். எங்கே உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்து எப்படித் தெரிந்தது என்றெல்லாம் கேட்டார். அது நல்ல அரை மணி நேரம்.

பிறகு டீச்சர் சொன்னதைச் சொன்னேன். ஆட வேண்டாம் என்றேன். கோச் பால்பாண்டி சாரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். ஊர் என்ன பேசுகிறது என்று தெரியுமா என்றும் கேட்டேன்.

"திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அது அவங்க வாய். குருடன்னு சொல்லிட்டா அப்புறம் நான் எங்கயும் நிக்க முடியாது."

"நாளைக்கு அந்தப் பந்து தலையில பட்டா?"

"படாது."

"எப்படித் தெரியும்?"

"படாது செல்வி."

இத்தோடு நிறுத்துகிறேன். நாளைக் காலையில் கடைக்குப் போக வேண்டும்.

மே 17, சனி

கடைக்குப் போகவில்லை. பால்பாண்டி சார் வீட்டுக்குப் போனேன். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை பிரஷ் வாயிலேயே இருந்தது. இவருடைய கண்ணுக்காகத்தான் சொன்னேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே தெரியும் என்று இவர் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சாயங்காலம் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். கோலில் இம்மானுவேல் நின்றான். அவர் டிராக் சூட்டோடு பெஞ்சில். ஏன் மாற்றினார்கள் என்று கோச் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே போதுமாகிவிட்டது.

"பாத்தீங்களா, கோச்சுக்கே தெரிஞ்சு போச்சு!" என்றான் பின்னால் ஒருவன். "எவ்வளவு" மறுபடி தொடங்கியது. அவரை ஒரு பாவமும் அறியாதவர் என்று சொல்ல இருந்த கடைசி வழியையும் நானே அடைத்துவிட்டேன். உலகநாதன் இன்று கத்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

இடைவேளையில் பின்னாலிருந்த அந்தக் கூட்டத்துக்கு நான் யாரென்று தெரிந்துவிட்டது. "அந்தா இருக்கு பாருல அவம் பொண்டாட்டி! யக்கா, எந்தப் பீரோவுல வச்சிருக்கீங்க? சாவி ஒங்ககிட்டயா அவன்ட்டயா?" சுற்றிலும் சிரிப்பு. அண்ணாச்சி எழுந்து, "எலேய்!" என்று அதட்டினார். யாரும் கேட்கவில்லை. எனக்குக் கீழே பார்ப்பதா நேரே பார்ப்பதா என்று தெரியவில்லை. நேரே பார்த்தேன்.

அதனால்தான் அவர் வருவதைப் பார்த்தேன். பெஞ்சிலிருந்து எழுந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக எங்கள் காலரிக்கு வந்தார். கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையைச் சாய்த்துத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"அவளை ஒன்னும் சொல்லாதீங்க." பெரிய குரலில்லை. "எனக்கு இடது கண்ணு தெரியாது. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பக்கம் வார பந்தை நான் பாக்கல. விட்டது எல்லாம் நான் பாக்காத பந்து. காசு ஒன்னும் கெடையாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். போகத் தெரியாதவர் மாதிரி.

உலகநாதன் மெல்ல உட்கார்ந்தார். பிறகு எழுந்தார். வலை வரைக்கும் இறங்கிப் போனார். "அப்ப போன வாரம் திங்கக்கெழம அந்தப் பெனால்டி கார்னர்? ஞாயித்துக்கெழம கால்ல தடுத்தியே?"

"அது வலது பக்கம் வந்துச்சுண்ணே."

"ஒத்தக் கண்ணுலயா?"

விசில் ஊதினார்கள், பெஞ்சுக்குத் திரும்பினார்.

கடைசி நிமிடங்களில் அந்தப் பஞ்சாப் பையன் அடித்தான். தலை உயரம், இடது பக்கம். இம்மானுவேல் கையைத் தூக்கினான். பந்து கையுறையில் மோதிய சத்தம் காலரி வரைக்கும் கேட்டது. அதற்குள் நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன், சத்தம் மட்டும்தான் தெரியும்.

டிரா. ஷூட் அவுட்டில் தோற்றோம். ஒருவனுக்கு ஒருவன் நேருக்கு நேர் நிற்கும் ஷூட் அவுட்டில் இவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். கப்பு போய்விட்டது. வேலைக்கு ஆளெடுக்க வந்தவர்கள் இம்மானுவேலின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "சார்ட்ட நீதான சொன்ன?"

"நான்தான்."

பையை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மே 18, ஞாயிறு

இட்லி வைத்தேன், சாப்பிட்டார். கீழ்வீட்டு அக்கா வந்து, பஜாரில் பாதிப் பேர் அழுகிறார்கள், பாதிப் பேர் நம்பவில்லை என்று சொன்னாள். கண்ணைச் சாக்குச் சொல்கிறான் என்கிறார்களாம். யாரோ டாக்டர் சீட்டைக் காட்டச் சொல் என்றானாம்.

மே 19, திங்கள்

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம். உலகநாதன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். இவர் எழுந்து வந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"போன வருசம் ஃபைனல். ரெண்டாவது கோலு. அது வலது பக்கம்தான வந்துச்சு? அது ஏன் விட்ட?"

ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே கேட்டேன்.

"அதுவா..." என்றார் இவர். "அது நான் தப்பாக் கணிச்சுட்டேண்ணே. சீக்கிரமே விழுந்துட்டேன். அது கண்ணால இல்ல."

"அதான பாத்தேன்! அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சிட்ட, சீக்கிரம் விழுந்துட்டான்னு. கேக்க மாட்டேன்னுட்டாரு."

"கொஞ்சம் பொறுத்திருந்தா புடிச்சிருப்பேன்."

"புடிச்சிருப்ப. ஆமா, புடிச்சிருப்ப."

அப்புறம் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த கோல், அதற்கு முந்தின கோல், எந்த வருடமோ ஆடிய ஒரு மேட்ச். உலகநாதன் குறுக்கே பேசினார், இவர் விடவில்லை, குரல் உயர்ந்தது. இரண்டு தடவை டீ போட்டேன். ஒரு இடத்தில் இவர், "அது நான் பாக்கவே இல்லண்ணே, எனக்கு அந்தப் பக்கம் ஒன்னும் தெரியாதுல்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார். கிளம்பும்போதுகூட உலகநாதன் மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. தெருமுனை வரைக்கும் போய் எதற்கோ திரும்பிப் பார்த்தார், அப்புறம் போய்விட்டார்.

கதவைச் சாத்தினேன்.

"நீ சொல்லலன்னா நான் ஆட எறங்கியிருப்பேன்" என்றார்.

"தெரியும்."

"எனக்கு இன்னும் கோவம்தான்."

"எனக்கும்தான்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது புதிதாக இருந்திருக்க வேண்டும். தம்ளர்களை எடுத்துக் கழுவி வைத்தார்.

நாளை செவ்வாய். மதுரைக்குப் போக வேண்டும். கூட வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. படுக்கப் போகுமுன் அடுப்படியை எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் இட்லி கட்டிரு. அங்க ஹோட்டல் நல்லாருக்காது" என்றார்.

மாவு இருக்கிறது. போதும்.